லுபாங் நானாஸின் அட்மின்

சனிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். ஐலீனின் கைப்பேசி மேசைமேல் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. பொந்தியானில் ஒரு பல் கிளினிக்கில் அவள் முன்மேசை வேலை பார்த்தாள். எதிரே ஒரு சீனப் பெரியவர், பல் பிடுங்கிய கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு, மறுபடி எப்போது வரவேண்டும் என்று விரலால் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தேதி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தாள்.

அவள் குடியிருக்கும் பெக்கான் நானாஸ் தாமான் என்ற குடியிருப்பின் வாட்ஸப் குழு அது. நூற்றுப் பதினேழு பேர். வழக்கமாகத் தண்ணீர் வரவில்லை, நாய் காணவில்லை, காலை வணக்கம் என்று ஓடும் குழு. அன்றைக்கு மூன்று படங்கள் வந்திருந்தன. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் அய்யாவு போட்டிருந்தார். கீழே அவருடைய எழுத்து: "லுபாங் நானாஸ் பேஜ் யார் நடத்துறாங்கன்னு இப்ப தெரிஞ்சுதா? நம்ம தாமானைப் பத்தி ஊருக்கெல்லாம் பாடுறவங்க, நம்மளப் பத்தி என்ன நெனைக்கிறாங்கன்னு நீங்களே படிச்சுப் பாருங்க."

ஐலீன் முதல் படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு கைப்பேசியை இன்னொரு கைப்பேசியால் எடுத்த படம். திரையில் இருந்தது, பேஜில் போடப்போவதைப் பற்றி அவள் எழுதிய செய்தி. மேலே அவள் பெயர், "ஐலீன் தங்கம்" என்று. அந்தக் கைப்பேசி கிடந்த மேசையில் மஞ்சள் எலுமிச்சை போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. அந்த விரிப்பைப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தவளே ஐலீன்தான்.

அவளைத் 'தங்கம்' என்று பெயர் போட்டு வைத்திருப்பவள் உலகத்தில் ஒருத்திதான் உண்டு. மலர்.

பள்ளியில் படிவம் ஒன்று முதல் ஒரே வகுப்பு. ஒரே பேருந்து. ஐலீனின் கல்யாணத்தில் தேவாலயப் படியில் அவள் கவுனின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவள் மலர். இப்போது அதே தாமானில், இரண்டு வீடு தள்ளி மூலை வீட்டில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாஸ்கா நடத்துகிறாள். லுபாங் நானாஸ் என்ற முகநூல் பக்கத்தை நடத்துவது ஐலீன் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மலர், இன்னொருவன் அவள் கணவன் கால்வின். அவன் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் தொடங்கியதே பல் கிளினிக்கால்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐலீன் தினமும் வண்டி ஓட்டிப் போகும் சாலையில், ஒரு வளைவுக்கு அப்பால், வாளியைக் கவிழ்த்தால் உள்ளே போகும் அளவுக்கு ஒரு குழி விழுந்தது. அவள் நல்ல பிள்ளையாக நகராட்சியின் புகார் செயலியைத் தரவிறக்கி, அடையாள அட்டை எண் போட்டு, கடவுச்சொல் மறந்து, மறுபடி பதிந்து, படம் எடுத்து அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. "புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" அன்று மாலை வண்டியை நிறுத்திப் பார்த்தாள். குழி அப்படியே இருந்தது, உள்ளே மழைத் தண்ணீர் வேறு. இன்னொரு புகார் அனுப்பினாள். அதுவும் தீர்க்கப்பட்டது. தொலைபேசியில் கூப்பிட்டாள். இயந்திரக் குரல் ஒன்றை அழுத்தச் சொன்னது, பிறகு நான்கை, பிறகு செயலியைப் பயன்படுத்தச் சொன்னது.

அடுத்த வாரம் லோஷினி என்று ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது, தொழிற்சாலை வேலை. வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தாள். முன்பல் இரண்டும் பாதியில் உடைந்திருந்தன. "மோட்டார்ல போனேன் அக்கா. தண்ணி நின்னுச்சு. குழின்னு தெரியல" என்றாள். ஐலீனுக்கு எந்தக் குழி என்று கேட்கவே தேவைப்படவில்லை.

அன்றிரவு மலர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இருவரும் முகநூலில் பக்கத்தைத் திறந்தார்கள். லுபாங் என்றால் மலாயில் குழி, நானாஸ் என்றால் அன்னாசி. "ஊர் பேரோட சேத்து வைடி. அப்பத்தான் அவங்களுக்கு ரோசம் வரும்" என்றாள் மலர். முதல் படத்தை எடுத்தவளும் மலர்தான். குழிக்குப் பக்கத்தில் ஒரு அன்னாசிப் பழத்தை நிறுத்தி வைத்து எடுத்தாள். பழத்தின் கொண்டை மட்டும் சாலைக்கு மேலே தெரிந்தது. அது எண்ணூறு பேரால் பகிரப்பட்டது. நான்காம் நாள் தார் வண்டி வந்தது.

அதன்பிறகு எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை, திருடுபோன சாக்கடை மூடி என்று தினமும் ஒன்று. யாராவது படம் அனுப்புவார்கள், ஐலீன் எழுதுவாள், போடுவதற்கு முன்னால் மலருக்கு அனுப்பிக் கேட்பாள். பதினான்காயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். சங்கத் தலைவர் அய்யாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. ஆட்களைப் பார்த்துப் பேசி, தேநீர் வாங்கிக் கொடுத்து, கெஞ்சிக் காரியம் சாதிப்பது அவருடைய வழி. இப்போது ஜனங்கள் அவரிடம் வந்து, "அந்த பேஜ்காரங்க செய்யுறாங்க, நீங்க என்ன செய்யுறீங்க?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஐலீன் இரண்டாவது படத்தைத் திறந்தாள். பின்வரிசை வீட்டுக்காரர்களைப் பற்றி அவள் கோபத்தில் எழுதியது. மூன்றாவது படம் வடை விற்கும் கருப்பாயி அக்காவைப் பற்றியது. அதை அவள் முழுதாகப் படிக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியும்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். சாலை நெடுக அன்னாசிக் கடைகளில் சனிக்கிழமைக் கூட்டம். வழியில் எத்தனையோ விளக்கங்களை அவளே கண்டுபிடித்தாள். மலரின் கைப்பேசி தொலைந்திருக்கலாம். யாரோ திருடியிருக்கலாம். மலரின் கணவன் செல்வா எடுத்துக் கொடுத்திருக்கலாம். தாமானுக்குள் நுழையும்போது அவள் ஏறக்குறைய மலருக்காகப் பரிதாபப்படவே தொடங்கியிருந்தாள்.

மலர் கேட்டுக்கு உள்ளே நின்று சின்னச் சின்ன மெத்தைகளை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஐலீனைப் பார்த்ததும் கையில் இருந்த மெத்தையைக் கீழே வைக்கவில்லை.

"உன் போன் எங்க?" என்றாள் ஐலீன்.

"உள்ள இருக்கு."

"யாரு எடுத்தா?"

மலர் மெத்தையை இன்னொரு கைக்கு மாற்றினாள். "யாரும் எடுக்கல. நான்தான் கொடுத்தேன்."

"அய்யாவு அங்கிளுக்கா?"

"வியாழக்கெழம வீட்டுக்கு வந்தாரு. பேஜ் யாருதுன்னு அவருக்கு ஏற்கெனவே சந்தேகம். சும்மா சொன்னா நம்ப மாட்டேன், காட்டுன்னாரு. போனைத் திறந்து கையில கொடுத்துட்டேன்."

"கொடுத்துட்டு?"

"டீ போடப் போயிட்டேன்."

ஐலீனுக்கு முதலில் அது விளங்கவே இல்லை. பிறகு விளங்கியது. "எவ்வளவு நேரம்?"

"தெரியல. அரை மணி நேரம் இருக்கும். பலகாரம் அடுப்புல இருந்துச்சு, தட்டுல வச்சுக் கொண்டு வந்தேன். அதுவரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தாரு."

மூன்று வருடப் பேச்சு அந்தக் கைப்பேசியில் இருந்தது. கால்வினோடு போட்ட சண்டைகள், மாமியாரைப் பற்றிய புலம்பல், ஜோகூர் பாரு மருத்துவமனைக் கழிவறையில் உட்கார்ந்து எழுதியது. இரண்டாவது முறையும் கர்ப்பம் தங்கவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, கால்வினுக்குச் சொல்வதற்கு முன்னால் அவள் மலருக்குத்தான் எழுதினாள். எழுத்துகள் எல்லாம் பிசகி, ஒரு வரிகூட ஒழுங்காக இல்லாத செய்தி அது.

"அதுல நான் ஆஸ்பத்திரியில இருந்து அனுப்புனதெல்லாம் இருக்கு, மலர்."

மலர் மெத்தையைக் கொடியில் போட்டு நீவினாள். "இருக்கு."

"தெரிஞ்சுதான் கொடுத்தியா?"

"அப்ப அதெல்லாம் யோசிக்கல."

"ஏன்டி? ஏன் செஞ்ச? அதையாவது சொல்லு."

அப்போதுதான் மலர் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "இந்த லொங்காங்கைப் பாரு" என்று கேட்டுக்கு வெளியே கை காட்டினாள். சாக்கடையின் மூன்று சிமெண்டு மூடிகள் உள்ளே விழுந்து கிடந்தன. "ஒன்கிட்ட பொலம்பத்தான் இந்தப் படத்த அனுப்புனேன். பேஜ்ல போடச் சொல்லல. நீ ஒரு வார்த்த கேக்காம போட்ட. பக்கத்துலயே பிள்ளைங்க காப்பகம், உயிர் போனால்தான் வருவார்களான்னு எழுதுன. நாலு பிள்ளைங்கள அடுத்த நாளே நிப்பாட்டிட்டாங்க, ஐலீன். நானும் அட்மின்தான், நானே அழிச்சிருக்கலாம்; ஒன்ன மீறி வேணாம்னுதான் எடுத்துருன்னு மூணு தடவ கெஞ்சுனேன். நீ என்ன பதில் அனுப்புனேன்னு ஞாபகம் இருக்கா?"

ஐலீனுக்கு ஞாபகம் இருந்தது. கட்டை விரல் பொம்மை. கிளினிக்கில் கூட்டமாக இருந்தது. படம் ஆயிரம் பகிர்வைத் தாண்டப்போகிறது, இன்னும் இரண்டு நாள் இருந்தால் நகராட்சி மன்றத்து ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தாள். பிறகு மறந்தே போனாள்.

"அதுக்கு எங்கிட்ட வந்து சண்ட போட்டிருக்கலாமே. ரெண்டு வீடு தள்ளித்தான இருக்கேன். செருப்பக் கழட்டி அடிச்சிருக்கலாம்."

"போன்லதான் கேட்டேன். நீ போன்லதான் பதில் சொன்ன."

உள்ளே ஏதோ ஒரு குழந்தை அழுதது. மலர் போய்விட்டாள். ஐலீன் கொஞ்ச நேரம் அந்தச் சாக்கடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மலர் சொன்னதில் பாதிக்கு மேல் நியாயம்தான். அந்த நியாயத்தால் நெஞ்சில் இருந்த பாரம் ஒரு துளியும் குறையவில்லை. ஒரு பதிவுக்குப் பதிலாக அவள் வாழ்க்கையையே எடுத்து ஒரு அந்நிய ஆளின் கையில் வைத்துவிட்டு, கூடவே தின்ன பலகாரமும் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் கால்வின் சிங்கப்பூரில் வேலை முடிந்து திரும்பியபோது குழுவில் இருநூறு செய்திகள் ஓடியிருந்தன. "பாக்காத லா, அணைச்சுப் போடு" என்றான். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அவனே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தான். பிறகு கேட்டான்: "நம்ம விசயமும் அவ போன்ல இருந்துச்சா?" ஐலீன் தலையாட்டினாள். அவன் எழுந்து குளிக்கப் போனான். நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பூசை முடிந்ததும் ஐலீன் கருப்பாயி அக்கா வீட்டுக்குப் போனாள். அவர் தினமும் காலையில் வீட்டு முன்னால் மேசை போட்டு வடையும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் விற்பவர். முன்பு அன்னாசித் தொழிற்சாலையில் பழம் சீவிய கை. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் இல்லை. குழாயடியில் உட்கார்ந்து பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் ஒங்கள்ட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"எதுக்கு?" என்றார் கருப்பாயி, நிமிராமல்.

"அந்த... நான் எழுதுனதுக்கு."

"நேத்துலருந்து நாலு பேரு வந்து சொல்லிட்டாங்க. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே." கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டார். "நீ எழுதுனதுதான? நீயே படி. கேப்போம்."

"வேணாம் அக்கா."

"படி."

ஐலீன் கைப்பேசியை எடுத்தாள். படம் திறப்பதற்குள் இணையம் சுற்றிச் சுற்றி நின்றது. இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அவள் படித்தாள்: "கருப்பாயி அக்கா வடைச் சட்டி எண்ணெயை லொங்காங்குல ஊத்துறாங்க. முதல்ல அவங்களத்தான் பேஜ்ல போடணும்." நிறுத்திவிட்டுக் கைப்பேசியைத் தாழ்த்தினாள்.

கருப்பாயி எட்டிப் பார்த்தார். "மூணு வரி கெடக்கு. நீ ரெண்டுதான் படிச்ச."

ஐலீன் கைப்பேசியை மறுபடி உயர்த்தினாள். "போர்டு வச்சாலும் பிரயோசனம் இல்ல. எழுத்துன்னா என்னன்னே தெரியாத ஜென்மம்."

பக்கத்து வீட்டில் யாரோ வானொலியைச் சின்னதாக்கினார்கள். கருப்பாயி அக்கா கோபப்படவில்லை, அழவும் இல்லை. "ஜென்மம்னு எழுதுனியா. அத யாரும் சொல்லல எங்கிட்ட" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் கை காட்டினார். "எண்ணெ ஒரு தடவ கொட்டுச்சு. தீபாவளிக்கு முந்தின நாளு சட்டி கவுந்து போச்சு. மத்தபடி டின்னுல புடிச்சு வச்சிருக்கேன். செவ்வாக்கெழம ஒருத்தன் வந்து எடுத்துக்கிட்டுப் போவான். ஒரு வார்த்த கேட்டிருந்தா காட்டியிருப்பேன்ல?"

"தப்புதான் அக்கா. மன்னிச்சிருங்க."

"ம். போ. வேல கெடக்கு."

ஐலீன் கேட் வரைக்கும் நடந்து வந்தபோது பின்னால் சட்டி தேய்க்கும் சத்தம் மறுபடி தொடங்கியிருந்தது.

அன்று மாலை அய்யாவு தனியாக ஒரு செய்தி அனுப்பினார். பக்கத்தை மூடிவிட்டால் விஷயம் இத்தோடு முடியும். இன்னும் நிறையப் படித்ததாகவும், தான் பெரிய மனிதர் என்பதால் அதையெல்லாம் வெளியே விடவில்லை என்றும் எழுதியிருந்தார். ஐலீன் அதை மூன்று முறை படித்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் கருப்பாயி அக்கா முன்னால் அந்த மூன்றாவது வரியைப் படித்த பிறகு, அதைவிடக் கேவலமாக வேறெதுவும் வரமுடியாது என்றும் தோன்றியது. குழுவில் எழுதினாள்:

"பேஜ் நடத்துறது நான்தான். அந்தச் செய்திகள எழுதுனதும் நான்தான். கருப்பாயி அக்கா விசயத்துல நான் எழுதுனது பொய், நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டேன். பின்வரிசை வீட்டுக்காரங்ககிட்டயும் கேக்குறேன். அய்யாவு அங்கிளப் பத்தியும் அதே போன்ல நெறைய எழுதியிருக்கேன். அத மட்டும் அவரு படம் புடிக்கல. பேஜை மூட மாட்டேன்."

முதலில் யாரோ ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டார். அதன்பின் நாலைந்து பேர். அய்யாவு அன்றிரவு முழுக்கக் குழுப் பக்கமே வரவில்லை. முகநூலில் ஒரு அறிவிப்பு வந்தது: மலர் பக்கத்தின் நிர்வாகிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டாள்.

சாக்கடை மூடிகள் பத்து நாள் கழித்து வந்தன. பக்கத்தில் போட்ட பதிவால் வந்ததா, அய்யாவு வாங்கிக் கொடுத்த தேநீரால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. அய்யாவு புது மூடியின் மேல் நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டார். மலரின் தாஸ்காவுக்கு இரண்டு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஐலீன் அந்தச் சாக்கடைப் பதிவை அதற்கு முன்பே நீக்கியிருந்தாள். நீக்கிவிட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்த ஒரு நாள், மளிகைக் கடையில் அய்யாவுவின் மனைவி தனலெட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனது உள்ள பெண்மணி, சண்டைக்குப் போகாதவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கவலப்படாதம்மா. என் தங்கச்சி மகளுக்கும் ரெண்டு தடவ இப்படித்தான் ஆச்சு. சிகாமட்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க, நம்பர் தரட்டா?"

ஐலீன் "சரி ஆன்ட்டி" என்றாள். தனலெட்சுமி சொன்ன எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகூடக் கொண்டாள். வாங்க வந்த சாமான்களைக் கூடையோடு அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்தாள். குழுவில் படம் வந்த அன்று அழாதவள், கருப்பாயி அக்கா முன்னால் அழாதவள், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். நூற்றுப் பதினேழு பேர் அவளை ஏசியது ஒரு வாரத்தில் ஆறிப்போனது. இந்த இரக்கம் ஆறவில்லை. இது எந்த வழியாக வந்தது என்று அவளுக்குத் தெரியும். எலுமிச்சை விரிப்பு மேசையிலிருந்து அய்யாவுவின் கண்ணுக்கு, அங்கிருந்து அவர் வீட்டுச் சோற்று மேசைக்கு. இன்னும் யார்யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று கேட்டுப் பார்க்க முடியாது. நீக்குவதற்கு எங்கும் ஒரு பொத்தான் இல்லை.

மலரை அதன்பிறகு தினமும் பார்த்தாள். ஒரே தெரு, பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? முதலில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு தலையாட்டத் தொடங்கினார்கள். ஒருமுறை மழையில் மலர் துணி எடுக்க ஓடியபோது ஒரு சின்ன மெத்தை கேட்டுக்கு வெளியே விழுந்தது. ஐலீன் எடுத்துக் கொடுத்தாள். "தேங்க்ஸ்" என்றாள் மலர். இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஐலீன் நிற்கவில்லை. கேட்டிருந்தால் மன்னித்திருப்பாளோ என்னவோ, மன்னித்தாலும் இனி எதையும் அவளிடம் சொல்ல வராது. அதுதான் போனது.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, விடுப்பு நாள், புதுக் குழி ஒன்றைப் படம் எடுக்க ஐலீன் தனியாகப் போனாள். பட்டப்பகல், நல்ல வெயில். முன்பெல்லாம் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வண்டிக்குள் இருந்தே எடுப்பாள். இப்போது சாலையோரம் இறங்கி, குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எடுத்தாள். ஒரு மலாய் இளைஞன் மோட்டாரை நிறுத்தித் தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கினான்.

"காக், அட்மின் லுபாங் நானாஸ் கா?" அக்கா, நீங்கள்தான் அந்த அட்மினா என்று கேட்டான்.

அவள் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "யா, சாயா" என்றாள், ஆமாம், நான்தான் என்று.

அவன் சிரித்தான். இதெல்லாம் ஒரு குழியா, தொழிற்சாலை முனையில் இதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கிறது, நேற்று அவன் தம்பி விழுந்தான், காட்டுகிறேன் வாருங்கள் என்றான். "உங்க தம்பி பேரு போடலாமா? அவர்கிட்ட கேட்டுட்டு சொல்லுங்க" என்றாள் ஐலீன் மலாயில். அவன் அங்கேயே நின்று தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டான். தம்பி வேண்டாம் என்றான்.

"சரி, பேரு வேணாம். குழி மட்டும்" என்று சொல்லி, அவள் வண்டியைக் கிளப்பி அவன் பின்னால் போனாள்.